பேசாத எண்

“கூப்பிடறாரு. ஆனா பேச மாட்டேங்கறாரு. அவ்வளவுதான் மேடம் என் பிரச்சினை.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் தன் கைப்பேசியை மேசையின் நடுவில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. விரல் நுனிகள் வெந்து, உரிந்து, ஆறுவதற்குள் மறுபடி வெந்திருந்தன. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் லாண்டரி ஒன்றில் நீராவி மெஷினோடு மல்லுக்கட்டுகிற வேலை அவளுக்கு.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஒல்லி. வார்த்தைக்கு வரி போட்டிருப்பதுபோல் அளந்து பேசுவாள். காவல் துறையில் இருந்த காலத்திலேயே அவளுக்கு ஊசி என்று பெயர் விழுந்துவிட்டது. வேலையை விட்டு, சொந்தமாகத் துப்பறிய வந்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவளுடைய உதவியாளன் ரேடியோ. தெருமுனையில் குடை விரித்து எட்டு வருடம் சிம் கார்டு விற்றவன். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்?” என்றான் ரேடியோ.

“பதினொண்ணு.”

“பதினோரு வருஷத்துப் புருஷன் பேசாம இருந்தா அது பிரச்சினை இல்லைங்க. வழக்கம்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஊசியும் சிரிக்கவில்லை. ரேடியோ விளம்பர இடைவேளைக்குப் போனான்.

விஷயம் இதுதான். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். அலாரம், கேமரா, தானியங்கிக் கதவு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் மாட்டிக் கொடுப்பான். பத்து மாதத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை. அவனுடைய அண்ணன் குடும்பத்தோடு இவர்கள் வீட்டில் வந்து தங்கப் பார்த்தார். இவள் முடியாது என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் சில நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலை, எங்கே வேலை என்றுகூடச் சொல்லாமல், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். திரும்பி வரவில்லை. கைப்பேசியும் அணைந்துபோனது.

“ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன் மேடம். ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. ‘உன் புருஷன் காணாமப் போன அன்னைக்கே புது சிம் வாங்கியிருக்கான். அவன் பேர்லயே இருக்கு, உயிரோட இருக்கு. அதுலேர்ந்து உனக்கே ஃபோன் பண்ணியிருக்கான். இது காணாமப் போன கேஸ் இல்லம்மா, கோவிச்சுக்கிட்டுப் போன கேஸ்’னு எழுதினதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரோட அண்ணன், நான்தான் துரத்திட்டேன்னு தெருத்தெருவா சொல்றாரு. வேற ஒருத்தி கூடக் குடித்தனம் பண்றாருன்னும் சொல்றாரு.”

“ஃபோனை எடுத்தா என்ன கேட்கும்?” என்றாள் ஊசி.

“ஒண்ணுமே கேட்காது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அப்புறம் அதுவா கட்டாயிடும். நான் திருப்பிக் கூப்பிட்டா ஒரு ரிங் போகும், கட்டாயிடும்.”

“நீங்க என்ன பேசுவீங்க?”

அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள். “முதல்ல திட்டினேன். வாய்க்கு வந்தபடி. அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். இப்பல்லாம் அன்னன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். தண்ணிக் குழாய் ஒழுகறது, பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணினது, அந்த மாதிரி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

“எந்த நேரத்துல வரும்?”

“நேரம்னு கிடையாது. ஆனா நான் சும்மா உட்கார்ந்திருக்கறப்பதான் வரும். ஒரு தடவைகூட வேலை நடுவுல வந்ததில்லை. என் வேலை அவருக்குத் தெரியும்ல?” அவள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று இளகியது. அதைப் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

“லாண்டரியில சும்மா உட்கார விடறாங்களா?”

“அங்க பகல்லதான் கரண்ட் போகும், மெஷின் நின்னுடும். அப்ப உட்காருவோம்.”

ஊசியின் பேனா நின்றது. ரேடியோவும் நிமிர்ந்தான்.

“வீட்டுல இருக்கறப்ப கரண்ட் போனா?”

“வீட்டுல இருக்கறப்ப வந்ததே இல்லை.”

“எல்லாமே இப்படித்தானா? ஒண்ணுகூட மாறி வந்ததில்லையா?”

அந்தப் பெண் யோசித்தாள். “முதல்ல வந்தது மட்டும். அவரு போன அன்னைக்கு சாயங்காலம். கை நிறைய வேலை. தெரியாத நம்பர், ஏதோ விக்கறவங்கன்னு கட் பண்ணேன். திரும்ப வந்துச்சு, திரும்பக் கட் பண்ணேன். மூணாவது தடவை ஃபோனையே அணைச்சுப் போட்டுட்டேன். அவருன்னு அப்பத் தெரியாதே.”

ஊசி அதை எழுதிக்கொள்ளவில்லை. அவள் எழுதாமல் விடுவதுதான் அவளுக்கு முக்கியமானது என்று ரேடியோவுக்குத் தெரியும்.

“உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?”

“எங்க இருக்காரு, பக்கத்துல யாரு இருக்கா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் போய் இழுத்துக்கிட்டு வர மாட்டேன். பேசாம இருக்கறதுக்குக் கூப்பிடாமலே இருந்திருக்கலாமே, எதுக்குக் கூப்பிடணும்? இந்த ஒரு கேள்விதான் கேட்கணும்.”

ஊசி ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் கைப்பேசியைக் கேட்டாள். கொடுப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு வெகுநேரம் பிடித்தது. கடைசியில் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கியவள், பாதியில் நின்று திரும்பினாள்.

“கூப்பிட்டா எடுங்க மேடம். திட்டிடாதீங்க.”

*

“நம்பரைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு மேடம்” என்றான் ரேடியோ, வண்டியை ஓட்டியபடி. “இது அந்தப் பச்சை நிறக் கம்பெனி. மொட்டை மாடியில ஏணி போட்டு ஏறி நின்னாத்தான் ஒரு புள்ளி சிக்னல் கிடைக்கும். நான் குடை போட்டிருந்த காலத்துல இந்தக் கம்பெனி சிம் வாங்க வந்தவங்களை உட்கார வெச்சுப் புத்தி சொல்லி அனுப்பியிருக்கேன்.”

“அப்புறம் ஏன் வாங்கினான்?”

“அதான் கேள்வி. ஊர்ல ஒரே ஒரு இடத்துலதான் அது கொடிகட்டிப் பறக்கும். லாண்டரிக்குப் பின்னால கிடங்குத் தெரு. அங்கதான் அந்தக் கம்பெனியோட டவர் இருக்கு. மத்தக் கம்பெனிக்கெல்லாம் அங்க நாக்கு தள்ளும். சிம்மை எவனும் விளம்பரத்தைப் பார்த்து வாங்க மாட்டான் மேடம். எங்க நின்னு பேசப் போறோம்னு பார்த்துத்தான் வாங்குவான்.”

கிடங்குத் தெருமுனையில் கைப்பேசிக் கடை வைத்திருந்தவனும் ரேடியோவும் ஒரு காலத்தில் எதிரெதிர்க் குடைகள். அவனுடைய உயரம் நாலரை அடி. ஊர் வைத்த பெயர் டவர். ரேடியோவைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான். ஊசியைக் கண்டதும் சரிசெய்துகொண்டான்.

“மறக்கற ஆளா அது?” என்றான் டவர், எண்ணைப் பார்த்துவிட்டு. “என்ன பிளான் வேணும்னு கேட்டேன். ‘பேச வேண்டாம், நெட் வேண்டாம். ஒரு வருஷத்துக்குச் சாகாம இருந்தாப் போதும்’னார். அவரோட அடையாள அட்டையைத்தான் குடுத்தார். அங்கேயே ஃபோட்டோ எடுத்து, அங்கேயே ஆக்டிவேட் பண்ணிக் குடுத்தேன். சிம்மைச் சின்ன அளவுக்கு உடைக்கப் போனா கையைப் பிடிச்சுட்டார். பெரிய அளவுலயே வேணுமாம். இந்தக் காலத்துல அதை எந்த ஃபோன்லங்க போடறது?”

“அதோட போயிட்டாரா?”

“மத்தியானம் திரும்ப வந்தார். சிம்மைப் போட்டா எடுத்துக்கலையாம். என்னோட ஃபோன்ல போட்டுப் பார்த்தேன். சிக்னல் ஜம்முனு இருக்கு. போட்டதும் நாலு எண் பூட்டுக் கேட்குது, அவ்வளவுதான். ‘அந்த நாலு எண்ணை உங்க ஃபோன்ல அடிச்சாப் போயிடுமே’ன்னேன். ‘அடிக்கறதுக்கு அங்க இடமில்லை, நீங்களே பூட்டை எடுத்து விட்டுடுங்க’ன்னு சிரிச்சார். எடுத்துக் குடுத்தேன்.”

கடையை விட்டு வெளியே வந்ததும் ஊசி கேட்டாள்: “எண் அடிக்க இடமில்லாத ஃபோன் எது?”

ரேடியோ தன் கைப்பேசியை எடுத்து அந்த எண்ணுக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை அனுப்பினான்: ஸ்டேட்டஸ். ஒன்றும் வரவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் கைப்பேசியை வாங்கி அதே சொல்லை அனுப்பினான்.

சட்டென்று பதில் வந்தது.

பவர் ஆன். டோர் க்ளோஸ்டு. டெம்ப் மைனஸ் 18.

“அலாரம் பெட்டி மேடம்” என்றான் ரேடியோ. “பம்ப் செட்டுக்கு, கேட்டுக்கு எல்லாம் மாட்டுவாங்க. உள்ள ஒரு சிம்மும் பேட்டரியும் இருக்கும். கரண்ட் போனாலோ ஏதாவது ஆபத்துன்னாலோ அதுவே ஃபோன் பண்ணும். வாய் கிடையாது, காது கிடையாது. நாம கூப்பிட்டா எடுக்காது. தனக்குள்ள எழுதி வெச்சிருக்கற நம்பர்லேர்ந்து கேட்டா மட்டும் பதில் சொல்லும். என்னை அதுக்குத் தெரியாது. இந்தம்மாவைத் தெரியும்.” அவனுக்கே உரிய வேகத்தில் அடுத்ததும் வந்து விழுந்தது. “பத்து மாசமா இவங்க ஒரு ஃப்ரிட்ஜ்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க!”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. வண்டிச் சாவியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

“மைனஸ் பதினெட்டுல யாரும் குடித்தனம் பண்ண முடியாது” என்றாள் ஊசி. “லாண்டரிக்குக் கரண்ட் போறப்ப இதுக்கும் போகுது. ரெண்டும் ஒரே லைன். நட.”

*

அந்த மின் தடத்தில் ஒரு மரக்கடை, ஒரு அச்சகம், ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை எல்லாம் இருந்தன. குளிர்கிடங்கு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உச்சி வெயிலில் தலையில் கம்பளிக் குல்லாயோடு ஒரு மனிதர் வாசலுக்கு வந்தார். அவர்தான் மேனேஜர்.

“சிம் கம்பெனியிலேர்ந்து வர்றோம் சார்” என்றான் ரேடியோ, கூச்சமே இல்லாமல். “உங்க அலாரம் பெட்டி சிம் தகராறு பண்ணுதாம். சரிபார்க்கச் சொன்னாங்க.”

“தகராறு பண்ணவாவது உயிர் வேணுமே” என்று சிரித்தார் மேனேஜர். “கரண்ட் போனா எனக்கு ஃபோன் வரணும். ஒரு நாள்கூட வந்ததில்லை. சோதனைக்கு வர்ற அதிகாரிங்க கேட்பாங்கன்னு சும்மா மாட்டி வெச்சிருக்கு.”

“யார் மாட்டினது?”

“யாரோ ஒரு எலக்ட்ரீஷியன். மாட்டிட்டுப் போயிட்டான்.”

உள்ளே ஒரு நீண்ட கூடம். அதன் கோடியில், ஆள் உயரத்துக்கு மேல் கனத்த இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று, இரண்டு சின்ன விளக்குகளோடு. கம்ப்ரசர் போடும் இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. ஊசி கதவைத் திறக்கச் சொன்னாள். வெள்ளையாகக் குளிர் வெளியே வழிந்தது. அலமாரி அலமாரியாக உறைந்த மீன் பெட்டிகள். அவள் மீனைப் பார்க்கவில்லை. கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீலெல்லாம் துரு. வெளிக் கைப்பிடியும் துரு. உள்ளிருந்து திறப்பதற்கான கைப்பிடி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்.

“இது எதுக்கு?” என்றாள்.

“உள்ள யாராவது மாட்டிக்கிட்டா அமுக்கறதுக்கு. பெட்டியோட சேர்ந்தது.”

“அமுக்கினா?”

“எனக்கு ஃபோன் வரணும். வராது. அதான் சொன்னேனே, செத்த பெட்டி.”

“ரேடியோ, அமுக்கு.”

ரேடியோ குளிருக்குள் ஓரடி வைத்துப் பொத்தானை அமுக்கினான். ஊசி கதவு மூடிவிடாமல் காலை முட்டுக் கொடுத்து நின்றாள். மேனேஜர் தன் கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பந்தயம் கட்டியவர்போல் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுவரில் இருந்த பெட்டியில் முதல் விளக்கு மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்துவிட்டு அணைந்தது. மேனேஜரின் கையில் எந்தச் சத்தமும் இல்லை.

“பார்த்தீங்களா?” என்றார்.

இரண்டாவது விளக்கு மினுங்கியது.

ஊசியின் கைப்பைக்குள் அந்தப் பெண்ணின் கைப்பேசி அடித்தது.

மேனேஜர் பையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். குல்லாயை மெல்லக் கழற்றினார். கைப்பேசி முழுதாக அடித்து ஓய்ந்தது.

“இது அந்த எலக்ட்ரீஷியன் பொண்டாட்டியோட ஃபோன்” என்றாள் ஊசி. “ரெண்டே ரெண்டு கேள்வி. பெட்டியில போட்ட நம்பரை விட்டுட்டு, வேற நம்பருக்கு எப்ப மாறினீங்க? இந்த உள்கைப்பிடியை எப்ப மாத்தினீங்க? பதில் ரெண்டுக்கும் ஒண்ணுதானா?”

அவர் அங்கேயே ஒரு மீன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இரைச்சலில் பாதிச் சொற்கள் அடிபட்டுப் போயின; மீதி போதுமானதாக இருந்தது.

“பெட்டிக்கான சிம்மை எலக்ட்ரீஷியனே அவர் பேர்ல வாங்கிட்டு வந்துட்டார். முதலாளி அன்னைக்குத்தான் எனக்குப் புது சிம் குடுத்தாரு. கவர்லேர்ந்து இன்னும் எடுக்கவே இல்லை. ‘சாயங்காலத்துக்குள்ள உயிர் வந்துடும், இந்த நம்பரையே போட்டுடுப்பா’ன்னு கவரைப் பார்த்துப் படிச்சுச் சொன்னேன். ரெண்டாவதா வாட்ச்மேன் நம்பரைப் போடணும். வாட்ச்மேன் அன்னைக்கு வரலை. ‘இப்போதைக்கு எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது ஒண்ணைப் போட்டு வெக்கறேன், நாளைக்கு மாத்திக்கலாம்’னார். அவரோட சொந்த நம்பரைப் போட்டுக்கிட்டார்னு நினைச்சேன். கடைசியா ஒரு தடவை சோதிச்சுட்டுப் போறேன்னு சொன்னார். நான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.”

“கைப்பிடி?”

“உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். வெளியாள்கிட்ட சொல்லத் தோணலை. கதவு அடிச்சுக்கிட்டு மூடியிருக்கு. அவரோட ஃபோன் வெளியில பையில. உள்ள இருந்தாலும் சிக்னல் கிடையாது.” மேனேஜர் குல்லாயால் வாயைத் துடைத்தார். “வீட்டுல உட்கார்ந்து அந்த சிம்மோட போராடிக்கிட்டு இருந்தேன். போடறேன், எடுக்கறேன், துடைக்கறேன், ஃபோனை அணைச்சு அணைச்சுப் போடறேன். சிக்னலே வரலை. ஃபோட்டோ பொருந்தலைன்னு கம்பெனி நிறுத்தி வெச்சிருக்காங்க. அது கடைசிவரைக்கும் ஆக்டிவேட் ஆகவே இல்லை. அடுத்த வாரம் வேற நம்பர் குடுத்தாங்க.”

“காலையில வந்து பார்த்தீங்க.”

“கதவுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார்.”

மீன் வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மேனேஜரும் முதலாளியும். பையையும் கைப்பேசியையும் ஆற்றில் போட்டாகிவிட்டது.

ஊசி காவல் நிலையத்துக்குப் பேசினாள். பழைய சகாக்கள், பதில் சீக்கிரம் கிடைத்தது. அடையாளம் தெரியாத ஆண், நாற்பது வயது மதிக்கத்தக்கவர், பேருந்து நிறுத்தத்தில் இறந்து கிடந்தார். கேட்டு யாரும் வராததால் பொது இடுகாட்டில் புதைத்திருந்தார்கள். அந்தப் பெண் எழுதிக் கொடுத்ததை வாங்கித் திருப்பிக் கொடுத்ததும் அதே நிலையம், அதே வாரம். காணாமல்போனவர் என்று ஒரு ஆள் பதிவாகியிருந்தால் பொருத்திப் பார்த்திருப்பார்கள். அவன்தான் ஃபோன் செய்துகொண்டிருந்தானே!

போலீஸ் வண்டி வந்து மேனேஜரை ஏற்றிக்கொண்டு, முதலாளியைத் தேடிப் போனது. ரேடியோ சாலையோரம் வெயிலில் நின்றான். ஒரு அடி வைத்த குளிர் இன்னும் முழங்காலை விட்டுப் போகவில்லை.

“மேடம்” என்றான். “முதல் கால் வந்தப்ப அந்தம்மாவுக்குக் கை நிறைய வேலைன்னாங்க. அப்படின்னா அன்னைக்குக் கரண்ட் போகலை.”

“ஆமா.”

“கரண்ட் போகாம பெட்டி கூப்பிட்டிருக்கு. மூணு தடவை.”

“ஆமா.”

“காலையில அவங்க சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“ஏதோ ஒண்ணு சேரலைன்னு மட்டும் தெரியும்.”

“சொல்லப் போறீங்களா?”

“கேட்டா பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் ஊசி. “அவங்க கேட்கக் கூடாதேன்னுதான் இருக்கு.”

*

லாண்டரியில் ஆவி மண்டியிருந்தது. அந்தப் பெண் இன்னொருத்தியோடு எதிரெதிராக நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் மடித்த முனையைச் சகதொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். துணி மூட்டைகள் அடுக்கிய மூலையில் நின்றபடியே ஊசி எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதை முதலில் சொன்னாள். மீதியைப் பிறகு சொன்னாள்.

அந்தப் பெண் அழவில்லை. பக்கத்து மூட்டையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துணி முனையை உள்ளே செருகினாள். அது மறுபடி வெளியே வந்தது. மறுபடி செருகினாள்.

“அப்ப நான் பேசினதெல்லாம்?”

“பெட்டிக்குக் காது கிடையாது” என்றாள் ஊசி.

“ஒண்ணுமே கேட்கலையா அவருக்கு?”

“இல்லை.”

“திட்டினதும் கேட்கலை.”

“இல்லைம்மா.”

அவள் தலையாட்டினாள். இதோடு விட்டால் தேவலை என்று ரேடியோ நினைத்தான். ஆனால் அவள் கண்கள் தேய்க்கும் மெஷினுக்குப் போயின. அங்கேயே நின்றன. அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. தடுக்க வழியில்லை.

“கரண்ட் போனாத்தான் கூப்பிடும்னீங்க” என்றாள் மெதுவாக. “அன்னைக்குக் கரண்ட் போகலையே மேடம்.”

ஊசி அவளை நேராகப் பார்த்தாள். “போகலை.”

அதற்கு மேல் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கட் செய்த விரல்.

ரேடியோ பேசினான். அவன் பிழைப்பிலேயே கேலி இல்லாமல் பேசியது அதுவாகத்தான் இருக்கும். “நீங்க எடுத்திருந்தாலும் ஒண்ணும் கேட்டிருக்காதும்மா. அதுல பேச முடியாது. வெறும் அமைதிதான் வந்திருக்கும். யாரு, எங்கேன்னு எதுவும் தெரிஞ்சிருக்காது. உங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது.”

“தெரியுதுண்ணே” என்றாள் அவள். “ஆனா எடுத்திருப்பேன்ல.”

ரேடியோ அந்த மூட்டையின் துணி முனையைத் தானே உள்ளே செருகினான்.

அவள் கையை நீட்டினாள். ஊசி கைப்பேசியைக் கொடுத்தாள். அவள் ஓர் எண்ணை அடித்துக் காதில் வைத்தாள். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை, ஒலிபெருக்கியைப் போட்டாள். மறுமுனையில் ஓர் ஆணின் குரல்.

“யாரு?”

“நான்தான் மாமா.”

“நான்தான்னா?”

“உங்க தம்பி பொண்டாட்டி.”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. “உன் நம்பரை நான் எப்பவோ அழிச்சாச்சு. இப்ப எதுக்குக் கூப்பிட்டே?”

“உங்க தம்பி எங்கயும் ஓடிப் போகலை மாமா. யாரு கூடவும் குடித்தனம் பண்ணலை. போன அன்னைக்கே, வேலை செஞ்ச இடத்துல செத்துட்டாரு. யாருமில்லாத பொணம்னு புதைச்சிருக்காங்க. நாளைக்குத் தோண்டி எடுக்கறாங்க. நான்தான் அடையாளம் காட்டப் போறேன்.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அந்த மனிதர் உடைந்தார். “டேய் தம்பி, டேய்” என்று வாய்விட்டு அழுதார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பொறுமையாக நின்றாள். கைப்பேசியை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“நான் உடனே கிளம்பி வர்றேம்மா” என்றார் அவர் கடைசியில். “நான் வந்து எல்லாத்தையும் பார்த்துக்கறேன்.”

“வாங்க” என்றாள். “வர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு மாமா. அவரு ஓடிப் போயிட்டாருன்னு யார் யார் வீட்டுல போய்ச் சொன்னீங்களோ, அந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, இல்லைன்னு சொல்லிட்டு வாங்க. ஒரு வீடுகூட விடாதீங்க. அதுக்கப்புறம் வந்து உங்க தம்பியைத் தூக்குங்க.”

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

“ஸ்டேஷனுக்குப் போலாம் மேடம்” என்றாள். “இந்தத் தடவை அவங்க எழுதட்டும், நான் சொல்றேன்.”